பத்து வருஷம் ஓடுமா என்று பார்க்கப் பத்து வருஷம் ஆகும்

கிரையோஜெனிக் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மூரில் எல்லோருக்கும் மகேந்திரகிரியும் ராக்கெட் என்ஜினும்தான் நினைவுக்கு வரும். நான் எழுதப் போவது அந்தப் பெரிய சத்தம் போடும் சமாச்சாரம் பற்றி இல்லை. செயற்கைக்கோளுக்கு உள்ளே ஒரு ஓரத்தில், வருஷக்கணக்கில் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும் குட்டி ஃபிரிட்ஜ் பற்றி. கிரையோகூலர் என்பார்கள். அதை மேலே அனுப்பும் முன்பு 'இது தாங்கும்' என்று எந்தத் தைரியத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் இருக்கும் ஆதாரம் நாம் நினைப்பதைவிட மெலிசு. அதைக் கெட்டியாக்க வேண்டுமானால் கூலரைத் தரையில் ஓட விட்டுவிட்டு, வருஷக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்க வேண்டும். குறுக்கு வழி கிடையாது. அந்த வேலையைச் செய்கிறவருக்கு யாரும் மாலை போடுவதும் கிடையாது.

சரி, எதற்காகக் குளிர்விக்க வேண்டும்? அறை வெப்பத்தில் இருக்கும் எந்தப் பொருளும் அகச்சிவப்புக் கதிரை வெளியிடுகிறது. அதிகமாக வெளிவருவது 10 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டி. பூமியின் மேகத்தையும் கடலையும் காற்றில் உள்ள வாயுக்களையும் அளக்க நினைக்கும் கருவிகள் பலவற்றுக்கு வேண்டியதும் அதே பகுதிதான். ஆக, கருவியே தகதகவென்று ஒளி வீசிக்கொண்டு எதிரே இருக்கும் மங்கலான ஒளியைத் தேடினால் என்ன தெரியும்? ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கொசு சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டுகிற மாதிரி. போதாக்குறைக்கு, இந்த உணரிகள் சூடாக இருந்தால் வெளிச்சமே இல்லாதபோதும் தாமாக மின்னோட்டத்தைக் கக்கும். அதனால் 80 கெல்வின், அதாவது மைனஸ் 193 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் வைக்கிறார்கள். சில கருவிகளுக்கு அதுவும் போதாது.

முதலில் இதற்கு ஐஸ் பெட்டி முறைதான் இருந்தது. திரவ ஹீலியத்தை நிரப்பி அனுப்பு, அது ஆவியாகித் தீரும் வரை வேலை செய். 1983இல் போன ஐராஸ் தொலைநோக்கி பத்து மாதத்தில் தீர்ந்தது. 2003இல் போன ஸ்பிட்ஸரின் ஹீலியம் 2009 மே மாதம் வரை வந்தது. ஹெர்ஷல் 2,300 லிட்டருக்கு மேல் சுமந்துகொண்டு 2009இல் போய், 2013 ஏப்ரலில் காலியானது. தீர்ந்தால் தீர்ந்ததுதான், மறுபடி நிரப்ப ஆள் போக முடியாது. ஹபிளுக்கு மட்டும் ஆள் போக முடிந்தது. அதில் 1997இல் மாட்டிய நிக்மாஸ் கருவியின் உறைந்த நைட்ரஜன் நாலரை வருஷம் வரும் என்று கணக்குப் போட்டார்கள். உள்ளே வெப்பம் கசிந்து 1999 ஜனவரியிலேயே தீர்ந்துவிட்டது. கருவி மூன்று வருஷம் சும்மா கிடந்தது. 2002 மார்ச்சில் விண்வெளி வீரர்கள் போய் ஒரு இயந்திரக் கூலரைப் பொருத்திய பிறகுதான் மறுபடி உயிர் வந்தது.

ஐஸ் பெட்டியிடம் ஒரு நல்ல குணம் உண்டு. எப்போது தீரும் என்று ஓரளவு கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். (நிக்மாஸ் மாதிரி ஏமாற்றுவதும் உண்டு, அது வேறு.) இயந்திரம் அப்படி இல்லை. அது என்றைக்குப் படுக்கும் என்று அதற்கே தெரியாது.

'எங்க வீட்டு ஃபிரிட்ஜ் பதினைந்து வருஷமா ஓடுதே' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. வீட்டு ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் எண்ணெயில் குளித்துக்கொண்டு ஓடுகிறது. 80 கெல்வினுக்கு இறங்கும் இயந்திரத்தில் எண்ணெய் துளி போனாலும் குளிர்ந்த முனையில் உறைந்து அடைத்துக்கொள்ளும். எண்ணெய் இல்லாமல் பிஸ்டனை உருளைக்குள் உரச விட்டால் தேய்ந்து தூள் கிளம்பும். ராணுவத்தின் இரவுப் பார்வைக் கருவிகளில் இருந்த பழைய கூலர்கள் சில ஆயிரம் மணி நேரத்தில் கதை முடிந்து போனது இதனால்தான். அங்கே பரவாயில்லை, கழற்றி மாற்றிக்கொள்ளலாம்.

இதற்கு விடை கண்டுபிடித்தது ஆக்ஸ்ஃபோர்டு. பிஸ்டனை எதிலும் படாமல் அந்தரத்தில் நிறுத்து என்பதுதான் யோசனை. சுருள் வெட்டு வெட்டிய மெல்லிய வட்டத் தகடு ஸ்பிரிங்குகள் இரண்டு பக்கமும் பிஸ்டனைத் தாங்கும். முன்னும் பின்னும் போக விடும், பக்கவாட்டில் நகர விடாது. பிஸ்டனுக்கும் உருளைக்கும் நடுவே மைக்ரான் கணக்கில் ஒரு இடைவெளி. அது அவ்வளவு குறுகலாக இருப்பதால் ஹீலியம் பெரிதாக ஒழுகாது. உரசல் இல்லை, எண்ணெய் வேண்டாம். பேச்சில் சுலபமாக இருக்கிறது, அந்த இடைவெளியை அடிக்கிற கையைப் பற்றி யோசித்தால்தான் பிரமிப்பு. இந்த வழியில் வந்த ஸ்டிர்லிங் கூலர்கள் 1991இல் இரண்டு செயற்கைக்கோள்களில் போயின: ஜூலையில் ஐரோப்பாவின் ஈஆர்எஸ்-1, செப்டம்பரில் நாசாவின் யுஏஆர்எஸ். இன்று மேலே ஓடும் நீண்ட ஆயுள் கூலர்களில் பெரும்பாலானவை அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான். பின்னால் வந்த பல்ஸ் டியூப் வகை இன்னும் ஒரு படி மேல். அதில் குளிர்ந்த முனையில் அசையும் உறுப்பே கிடையாது.

இப்போது கணக்கு. இந்த மாதிரி ஒரு கம்ப்ரஸர் வினாடிக்கு 50 தடவை அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து வருஷத்துக்குச் சுமார் 1,580 கோடி அடி. நம் பைக்கை 3,000 ஆர்பிஎம்மில் வைத்து, என்ஜின் ஆயில் இல்லாமல், ஒரு நிமிஷம் கூட நிறுத்தாமல், சர்வீஸுக்கு விடாமல், 2035 வரை ஓட விடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதுதான் கேட்பது.

எப்படிச் சோதிப்பது? சில பயங்களைச் சீக்கிரமே தீர்த்துக்கொள்ளலாம். ஸ்பிரிங் களைத்துப் போய் உடையுமா என்பது ஒன்று. உலோகக் களைப்பில் பெரும்பாலும் முதல் ஒரு கோடி, பத்து கோடி அடிகளுக்குள் பலவீனம் தெரிந்துவிடும். வினாடிக்கு 50 வீதம் பத்து கோடி அடிக்க 23 நாள் போதும். ஹீலியம் கசியுமா என்பது இன்னொன்று. கசிவுமானியில் வைத்து இன்றைய கசிவு வேகத்தை அளந்து பத்து வருஷத்துக்குப் பெருக்கிவிடலாம்.

வில்லன் வேறு. உள்ளே இருக்கும் மோட்டார் சுருள், பசை, பூச்சு எல்லாம் மெல்ல மெல்ல வாயுக்களை விடும். அதில் நீராவியும் உண்டு. மாதக்கணக்கில் அது துளித் துளியாகக் குளிர்ந்த முனைக்குப் போய் உறைந்து, மெல்லிய கம்பி வலைகளின் கண்களை அடைக்கும். குளிர்ச்சி குறையும். அதை ஈடுகட்ட அதிக மின்சாரம் கொடுப்போம். அதனால் கம்ப்ரஸர் சூடாகும், இன்னும் வாயு வெளிவரும். இதைத் தவிர்க்கக் கூலரை மூடி முத்திரையிடும் முன் நாள்கணக்கில் சூடேற்றி வெற்றிடத்தில் உலர்த்துகிறார்கள். போதுமான அளவு உலர்ந்ததா? அதை ஓடித்தான் காட்ட வேண்டும்.

'வேகப்படுத்திச் சோதிக்கலாமே, எலக்ட்ரானிக்ஸ் ஆட்கள் அப்படித்தானே செய்கிறார்கள்' என்று ஈசிஈ நண்பர்கள் கிளம்புவார்கள். சிப்பை அடுப்பில் வைத்தால் பத்து டிகிரிக்கு ஒரு முறை வேதி மாற்றங்கள் இரட்டிப்பாகும் என்று ஒரு தோராய விதி இருக்கிறது, அதை வைத்து வருஷத்தை வாரமாக்குவார்கள். இங்கே அது பாதிதான் எடுபடும். வெப்பத்தைக் கூட்டினால் அந்த மைக்ரான் இடைவெளி மாறிவிடும், உரச ஆரம்பித்தால் நீங்கள் சோதிப்பது வேறொரு இயந்திரம். அடிக்கும் வேகத்தைக் கூட்டலாமா? இது தன் இயல்பான அதிர்வெண்ணை ஒட்டி ஓடும்படி செய்தது. அதைத் தாண்டினால் வீச்சும் அழுத்தமும் எல்லாமே மாறும். ஆக, ஒரு நாளை ஒரு நாளாகத்தான் ஓட்ட வேண்டும்.

அப்படியே ஓட்டினாலும் என்ன நிரூபித்தோம் என்று பாருங்கள். நாலாவது செமஸ்டர் ப்ராபபிலிட்டி போதும் இதற்கு. '95 சதவீதக் கூலர்கள் பத்து வருஷம் தாங்கும்' என்று 90 சதவீத உறுதியோடு சொல்ல வேண்டும், சோதனையில் ஒன்று கூடப் பழுதாகவில்லை என்று வைத்துக்கொள்வோம். எத்தனை கூலரை ஓட்ட வேண்டும்? 0.95ஐ அதனாலேயே எத்தனை முறை பெருக்கினால் 0.1க்குக் கீழே வருகிறது என்று பாருங்கள். விடை 45. நாற்பத்தைந்து கூலர்கள், பத்து வருஷம், ஒரு பழுது கூட இல்லாமல். லட்சக்கணக்கான டாலர் விலையுள்ள சாமான் அது. எந்த விண்வெளி நிறுவனமும் செய்யப் போவதில்லை.

நடைமுறையில் ஓட்டுவது ஒன்று, அல்லது இரண்டு. ஒரே ஒரு கூலர் பத்து வருஷம் ஓடி முடித்தால், அதே 90 சதவீத உறுதியோடு நீங்கள் சொல்லக்கூடியது 'நம்பகத்தன்மை 10 சதவீதத்துக்கு மேல்' என்பது மட்டும்தான். நம்ப முடியவில்லையா? உங்கள் கூலர்களில் பாதி, பத்து வருஷம் தாங்காத ரகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் நீங்கள் சோதனைக்கு எடுத்த ஒன்று தாங்கும் பாதியிலிருந்து வர, நாணயம் சுண்டும் வாய்ப்பு இருக்கிறது.

வெறும் கணக்குப் பூச்சாண்டி இல்லை இது. 1999 டிசம்பரில் போன நாசாவின் டெர்ரா செயற்கைக்கோளைப் பாருங்கள். அதில் கனடாவின் மாப்பிட் என்ற கருவி, காற்றில் கார்பன் மோனாக்ஸைடை அளக்க. அதில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டு ஸ்டிர்லிங் கூலர்கள். 2001 மே 7ஆம் தேதி ஒன்றின் கம்ப்ரஸர் நின்றது. கருவியின் எட்டு சேனல்களில் நாலு போயிற்று. மிச்சம் இருந்த ஒன்றை வைத்துக்கொண்டு ஆகஸ்டில் மறுபடி ஆரம்பித்தார்கள். அந்த இன்னொரு கூலர் என்ன ஆனது தெரியுமா? இருபது வருஷத்துக்கு மேல் ஓடியது! காட்டுத்தீயும் நகரப் புகையும் கார்பன் மோனாக்ஸைடை எங்கெல்லாம் கொண்டுபோகின்றன என்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அந்த ஒற்றைக் கூலர் தயவு. ஒரே வடிவமைப்பு, ஒரே ராக்கெட், ஒரே கருவி. ஒன்றுக்கு ஆயுள் ஒன்றரை வருஷம் கூட இல்லை, மற்றதற்கு இருபதுக்கு மேல். தரையில் இவற்றில் எதைச் சோதித்திருந்தால் என்ன எழுதியிருப்பார்கள்?

அதே டெர்ராவில் ஜப்பானின் ஆஸ்டர் கருவிக்கும் இரண்டு கூலர்கள், இரண்டு அகச்சிவப்புப் பிரிவுகளுக்கு. குறுஅலைப் பிரிவின் உணரி மெல்ல மெல்லச் சூடேறி, 2008 ஏப்ரலுக்குப் பிறகு அதன் தரவு பயன்படாமல் போனது. வெப்ப அகச்சிவப்புப் பிரிவு அதன் பிறகும் பல வருஷம் வேலை செய்தது. திட்டமிட்ட ஆயுளைத் தாண்டித்தான் போனது என்பதால் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முன்கூட்டியே யாராலும் எது முதலில் போகும் என்று சொல்ல முடிந்திருக்காது.

மறுபக்கமும் இருக்கிறது, அதை மறைத்தால் ஞாயம் இல்லை. சூரியனின் எக்ஸ் கதிர்களை ஆராய 2002 பிப்ரவரியில் போன ரெஸ்ஸி, செலவைக் குறைக்க சன்பவர் என்ற நிறுவனத்தின் வணிக ரகக் கூலரை வாங்கிப் போட்டுக்கொண்டது. விண்வெளிக்கென்று பிரத்யேகமாகச் செய்த விலையுயர்ந்த ரகம் இல்லை. ஸ்பேரும் இல்லை. ஒன்பது ஜெர்மானியம் உணரிகளையும் அந்த ஒன்றே குளிர்வித்தது. 2018 வரை, பதினாறு வருஷம். இதைப் பார்த்துவிட்டு 'சோதனையெல்லாம் வெட்டிச் செலவு, கடையில் வாங்கிப் போட்டாலே ஓடுகிறதே' என்று சிலர் சொல்லக்கூடும். மேலே சொன்ன நாணயக் கணக்கை அவர்களுக்குக் காட்டுங்கள். ரெஸ்ஸியும் ஒரு மாதிரிதான், மாப்பிட்டின் செத்துப்போன கூலரும் ஒரு மாதிரிதான்.

அடுத்து எப்போதும் வரும் வாதம்: இரண்டு வைத்துவிட்டால் போச்சு, ஒன்று போனால் மற்றது. கேட்க நன்றாக இருக்கிறது. கூலர் என்பது குளிர்ந்த உணரிக்கும் சூடான வெளிப்பக்கத்துக்கும் இடையே ஒரு உலோகப் பாலம். ஓடும்போது அது வெப்பத்தை வெளியே இறைக்கும், ஓடாதபோது அதே பாலம் வெப்பத்தை உள்ளே விடும். சும்மா நிற்கும் ஸ்பேர், ஓடுகிறவன் தலையில் பாரத்தை ஏற்றுகிறது. 2002 மே மாதம் அக்வா செயற்கைக்கோளில் போன ஏர்ஸ் கருவியில் 58 கெல்வினுக்கு இரண்டு பல்ஸ் டியூப் கூலர்கள். ஒன்று ஓடும், ஒன்று காத்திருக்கும் என்பது திட்டம். மேலே போனதும் குளிர்ந்த பரப்புகளில் பனி படிந்து வெப்பச் சுமை ஏறியது. அந்த வருஷம் நவம்பரிலேயே இரண்டையும் சேர்த்து ஓட்டத் தொடங்கிவிட்டார்கள். அப்படியே இருபது வருஷத்தைத் தாண்டி ஓடியது என்பது தனிப் பெருமை. ஆனால் பாருங்கள், ஸ்பேர் என்று எழுதி வைத்தது ஆறே மாதத்தில் ஸ்பேர் இல்லாமல் போயிற்று.

இன்னொரு சங்கதி. கூலர் மட்டும் நல்லா இருந்தால் போதாது. 2018 மார்ச்சில் போன அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள் கோஸ்-17. அதன் கூலர் பழுதாகவில்லை. கருவியின் வெப்பத்தை வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டிய லூப் ஹீட் பைப் அடைத்துக்கொண்டது. உள்ளே ஏதோ அந்நியத் துகள் சிக்கியிருக்கலாம் என்றுதான் விசாரணை சொன்னது. சில பருவங்களில் இரவு நேரங்களில் அகச்சிவப்புச் சேனல்கள் பல குருடாயின. 2023 ஜனவரியில் அடுத்தது, கோஸ்-18, அந்த இடத்துக்கு வந்தது. தனியாகக் கூலரை மேஜைமேல் வைத்துப் பத்து வருஷம் ஓட்டினாலும் இந்தப் பழுது தெரிந்திருக்காது. அதனால் ஆயுள் சோதனையில் என்னென்ன சேர்த்து ஓட்ட வேண்டும் என்பதே ஒரு பெரிய சண்டை. ராக்கெட்டின் குலுக்கலைக் கொடுக்காமல் ஓட்டிய கூலரின் ஆயுளுக்கு நான் அரை மதிப்பெண்தான் கொடுப்பேன். அந்தக் குலுக்கலில்தானே இடைவெளி நகரும்? நிறுத்தி நிறுத்தி ஓட்டியதா, எலக்ட்ரானிக்ஸும் சேர்ந்து ஓடியதா, இதெல்லாமும் கேட்க வேண்டும்.

பின்னே என்னதான் செய்யச் சொல்கிறாய் என்றால், மூன்று விஷயம் எனக்குப் படுகிறது. செயற்கைக்கோள் போன பிறகும் தரையில் இருக்கும் அதன் இரட்டையை நிறுத்தாதீர்கள். ராக்கெட் கிளம்பிய மறுநாள் அந்தச் சோதனை மேஜையைக் காலி செய்யத் தோன்றும். 'அதான் போயாச்சே!' மேலே எட்டாவது வருஷத்தில் வெப்பம் ஏறும்போது கழற்றிப் பார்க்கக் கையில் ஒன்று வேண்டாமா? அமெரிக்க விமானப்படையின் ஆய்வகம் நியூ மெக்ஸிகோவின் கர்ட்லாண்டில் பல நிறுவனங்களின் கூலர்களை வருஷக்கணக்கில் ஓட்டிப் பார்த்திருக்கிறது. அதுபோல் விற்பவனும் வாங்குபவனும் அல்லாத ஒரு இடம் வேண்டும்.

அடுத்தது, ஓடிய மணி நேரத்தையும் நின்ற காரணத்தையும் பொதுவில் போட வேண்டும். நாசாவின் ஜேபிஎல்லில் இருந்த ரான் ராஸ் விண்ணில் ஓடும் கூலர்களின் மணிக்கணக்கைப் பட்டியல் போட்டு மாநாடுகளில் வெளியிட்டு வந்தார். மாப்பிட், ஏர்ஸ், ரெஸ்ஸி எல்லாம் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் வரும்போதுதான் நம் 45 கூலர் கனவுக்குக் கொஞ்சமாவது கிட்டே போகிறோம். ஒரு நிறுவனத்தால் 45 ஓட்ட முடியாது, உலகம் முழுக்கச் சேர்த்தால் அதற்கு மேலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. வடிவமைப்பு ஒன்றுக்கொன்று வேறு என்பதால் அப்படியே கூட்டிவிட முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் எந்த உறுப்பு எப்போது போகிறது என்ற படம் கிடைக்கும். தொழில் ரகசியம் என்று மூடி வைத்தால் அதுவும் கிடைக்காது.

மூன்றாவது நம்ம கையில் இருப்பது. நம் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் எல்லாமே ஜனவரியில் பிறந்து ஏப்ரலில் செத்துப்போகிற ஜாதி. வைவா அன்றைக்குப் பத்து நிமிஷம் ஓடினால் போதும். அப்படிப் பழகியவன் வேலைக்குப் போன இடத்தில் பத்து வருஷச் சோதனைக்கு வாதாடுவான் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு யோசனை: கிரையோகூலரெல்லாம் நமக்கு எட்டாது, ஆனால் தகடு ஸ்பிரிங்கில் தொங்கும் ஒரு சின்ன லீனியர் மோட்டார் செய்ய லேசர் கட்டிங் கடையும் ஸ்பீக்கர் காந்தமும் போதும். அதைத் துறையின் மூலையில் ஓட விடுவோம். தினமும் மின்னோட்டம், வீச்சு, வெப்பம் மூன்றையும் ஒரு லாங் சைஸ் நோட்டில் யாராவது எழுத வேண்டும். நாம் போகும்போது நோட்டை ஜூனியரிடம் கொடுத்துவிட்டுப் போவோம். கரன்ட் கட் ஆனால் அதையும் எழுதலாம், அது 'ஸ்டார்ட் ஸ்டாப் சைக்கிள்' சோதனை :-) நாள் ஒன்றுக்கு ஒரு ஆள் வீதம், வாரத்துக்கு ஆறு பேர் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு ஹாஸ்டல்காரர்கள் யாராவது ஒத்துக்கொண்டால் ஏழு. ஸ்பிரிங் தகட்டின் படம் வரைந்து முடித்துவிட்டேன், வேண்டுமென்கிறவர்கள் கேளுங்கள்.